கடிக்காத கிளி

என் அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பின்னால் ஒரு வானரப் படையே கத்தினாலும் அசர மாட்டாள். பறவைக் கடையைத் தாண்டும்போது மட்டும் முகம் இறுகிவிடும். அத்தான் அங்கேதான் கூண்டு கழுவும் வேலை பார்த்தார். காய்ந்த எச்சத்தின் தூசி நெஞ்சுக்குள் போயிருக்கிறது. பார்த்த டாக்டர்களெல்லாம் வெறும் சளி என்றார்கள். கிளியிடமிருந்து தொற்றிய நோய் என்று ஒருவர் கண்டுபிடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா ஓயவில்லை. விற்பனைக்கு வரும் பறவைகளைத் தனியே வைத்திருந்து, மருத்துவர் சோதித்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். கையெழுத்து வாங்க வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் அதே பாடம்.

"பறவைக்கு உடம்பு முடியலன்னா வெளிய காட்டிக்காதுங்க. ரொம்ப முத்தினப்புறம்தான் இறகை உப்பிக்கிட்டு சும்மா உக்காரும். நாம அதை சாதுன்னு நெனச்சு வாங்கிட்டு வந்துடறோம்."

கடைக்காரர்களும் அதைப் பழக்கிய கிளி என்றுதான் தள்ளிவிடுகிறார்கள். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கடை முதலாளியைச் சிரிப்பண்ணன் என்போம். அத்தானின் சாவுக்கு வந்தபோதுகூட அந்தப் பல்வரிசை மறையவில்லை. சட்டம் எழுதும் குழு அக்காவைப் பேச அழைத்த நாளிலிருந்து அவர் எங்கள் தெருமுனையில் நிற்க ஆரம்பித்தார். வேன் போனால் கையசைப்பார்.

"பொம்பளப் புள்ளைய வச்சிருக்கீங்க தங்கச்சி. ஊர் வம்பு எதுக்கு?" என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டார். குரலில் அத்தனை அக்கறை.

"அவன் கையைக் காலை உடைக்கிறேன் பாரு" என்று வீட்டில் குதித்தேன்.

"மொதல்ல சட்டை பட்டனை ஒழுங்கா போடுங்க ரவுடி சார்" என்றாள் அக்கா.

அந்தக் குழுவின் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. சாயங்காலம் நானும் அக்காவும் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் பச்சைக் கிளி ஒன்று, இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி இருந்தது.

"கடைக்கார அங்கிள் குடுத்தாரும்மா. முத்தம் குடுத்தாக்கூட கடிக்கல. எவ்ளோ சாது பாரேன்!"

அக்கா உடனே மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கிளியை ஒரு பெட்டிக்குள் விட்டு வெளியே வைத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். "இப்ப எதுவும் தெரியாது. காய்ச்சல் வந்தா அந்த நிமிஷமே கொண்டு வந்துடுங்க" என்றார் அவர். விடிவதற்குள் கிளி செத்துப்போனது.

போலீசில் சொன்னேன். குழந்தைக்குக் கிளி கொடுத்தது குற்றமா என்று கேட்டார்கள். கேள்வி சரிதான். அதற்குத்தானே அக்கா சட்டம் கேட்கிறாள்.

சிரிப்பண்ணன் போன் செய்தார். "பாப்பாவுக்குக் கிளி பிடிச்சுதா? கூட்டத்துக்கு அவசியம் போகணுமா தங்கச்சி? வீட்ல இருந்து அவளைப் பாத்துக்கலாமே."

"போவேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள் அக்கா. வைத்த பிறகு அழுதாள்.

அந்த வாரம் பிள்ளை தும்மினால்கூட இரண்டு பேரும் சாப்பாட்டை விட்டு எழுந்தோம். கூட்டத்தன்று காலையில் உடம்பு சில்லென்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போனோம். அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினாள். அவள் கேட்ட விதியைச் சட்டத்தில் சேர்ப்பதாகக் குழுத் தலைவர் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

வெளியே வரும்போது சிரிப்பண்ணன் பக்கத்தில் வந்தார்.

"நல்லா பேசுனீங்க தங்கச்சி. பாப்பா எப்படி இருக்கா?"

அக்கா வேனை நோக்கி ஓடினாள். அவள் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாசல் பெஞ்சில் பிள்ளை பையின் மேல் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவள் நெற்றியில் கையை வைத்தாள். பிறகு கழுத்தில் வைத்தாள். பிள்ளையை மார்போடு அள்ளிக்கொண்டு, சாவியை என் பக்கம் நீட்டினாள்.

"வண்டிய நீ ஓட்டுடா. நேரா டாக்டர்கிட்ட போ."