தடையுத்தரவு வாங்க முடியாத சாபம்

அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், பந்தல்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, அந்த வீட்டுக்குள் குடி போவதற்கு நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். சொந்த வீட்டுக்குப் போக என்ன பாடு என்று கேட்பீர்கள். உள்ளே வேறு ஆட்கள் இருந்தார்கள், அதுதான் பாடு.

நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதுதான் என் உத்தியோகம், ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் ஊர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் மறுத்ததில்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு மிளகாய் பறித்தவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டு வேலைக்குப் போனவள் நான். திருச்சுழிப் பக்கம் தொடங்கி, கடைசியில் வீரசோழனில் முடிந்தது. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. போன ஊரிலெல்லாம் வாடகை வீடுதான். ஆணி அடிக்காதே, தண்ணீரைப் பார்த்துப் புழங்கு, விருந்தாளி எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டுக் கேட்டே என் காது புளித்துப்போயிருந்தது. சாவதற்குள் நம் இஷ்டத்துக்கு ஆணி அடிக்க நமக்கென்று ஒரு சுவர் வேண்டும் என்று சிறுகச் சிறுகக் கட்டிய வீடு அது.

கட்டி முடித்தபோது எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருந்தது. பூட்டிப் போட்டால் கரையான் குடியேறிவிடும் என்று வாடகைக்கு விட்டேன். வந்தது சேவு போடுகிற குடும்பம். அந்த அம்மா என்னைவிடப் பத்து வயது இளையவர். கொல்லைப்புறத்தில் விறகடுப்பு வைத்துக் காரச்சேவு தேய்ப்பார், அவர் கணவர் அதை மொபெட்டில் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கடைகளுக்குப் போடுவார். எழுத்து, பத்திரம் எதுவும் கிடையாது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். நான் கேட்கும்போது காலி பண்ணிவிட வேண்டும் என்றேன். "அதுக்கென்னக்கா, சொன்ன அன்னைக்கே கெளம்பிருவோம்" என்றார். வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வு பெற்றதும் போய்க் கேட்டேன். ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா என்றார். நியாயம்தான் என்று வந்துவிட்டேன். ஆவணியில் வீடு பார்க்கிறோம் என்றார். அப்புறம் புரட்டாசி ஆகாது, ஐப்பசி தீபாவளி வியாபாரம், கார்த்திகையில் மழை, மார்கழி பீடை மாதம். தமிழ் வருடத்தில் வீடு மாறத் தோதான மாதமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதுவரை நான் அருப்புக்கோட்டையில் தம்பி வீட்டில் இருந்தேன். தம்பி மனைவி நல்லவள்தான். ஆனால் என் டிரங்குப் பெட்டி கூடத்தில் டிவிக்குக் கீழே கிடந்தது. ஒரு மாற்றுச் சேலை எடுக்க வேண்டுமென்றால் சீரியல் முடிய வேண்டும். சொந்த வீடு இருந்தும் சேலைக்கு விளம்பர இடைவேளை பார்த்துக் காத்திருக்கிறோமே என்று ஒரு நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வக்கீலைப் பார்க்கப் போனேன்.

அந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: "டவுனு எல்லைக்குள்ள இருந்தா வாடகைக்குன்னு தனிச் சட்டம் இருக்கு, தனிக் கோர்ட்டு இருக்கு. உங்க வீடு கிராமப் பஞ்சாயத்துல இருக்கு. அதனால சிவில் கோர்ட்டுதான். மொதல்ல நோட்டீஸ், அப்புறம் வழக்கு. தீர்ப்பே வந்தாலும் நீங்களாப் போயி ஒரு சொம்பைக்கூடத் தூக்கி வெளிய வைக்கக் கூடாது. கோர்ட்டு அமீனா வந்துதான் வீட்டை எடுத்துக் குடுப்பாரு. அதுக்கு நடுவுல கரண்ட்டு, தண்ணி ரெண்டையும் தொட்டுராதீங்க. தொட்டா தப்பு உங்க மேல வந்துரும்."

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த வாரம், ஒரு நாள் பந்தல்குடி பஸ் நிறுத்தத்தில் அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் கூட்டம். அக்கா போய் டீச்சர் ஆகியிருந்தேன்.

"ஏன் டீச்சர், வக்கீல் நோட்டீசா அனுப்புறீக? பொகை வரும்னு ஒருத்தனும் எங்களுக்கு வீடு தர மாட்டேங்கான். நாங்க அடுப்பத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா திரியிறது?"

"அதுக்கு நான் தெருவுலயாம்மா நிக்கணும்?" என்றேன் நானும் விடாமல்.

"நில்லுங்க, உள்ள போங்க, என்னமும் செய்ங்க. போற அன்னைக்கு மூணு பிடி மண்ண வாரித் தூத்திட்டுத்தேன் போவேன். அந்த வீட்டுல நீங்க எப்பிடி வாழ்ந்துருவீகன்னு நானும் பாக்குறேன்!"

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வயிறெரிந்து வெளியேறுகிறவர் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினால் அந்த வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். படித்தவள் நம்பலாமா என்று கேட்காதீர்கள். வாழ்நாளெல்லாம் காத்திருந்து உள்ளே வைக்கப்போகிற முதல் அடி, ஒருத்தர் சாபத்தின் மேல் விழுவதை யாரால் தாங்க முடியும்?

வக்கீலம்மாவிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டார். "ஏம்மா, மண்ணை வாரித் தூத்தக் கூடாதுன்னு எந்தக் கோர்ட்டுலயும் தடையுத்தரவு வாங்க முடியாதும்மா" என்றார்.

வழக்கு நடந்தது. வாய்தா மேல் வாய்தா. கோர்ட் வராந்தாவில் அந்த அம்மா ஒரு தூணோரம், நான் ஒரு தூணோரம். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்புவோம். முகத்தை ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வோம்.

இதற்கிடையில் ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். தம்பிக்குக் கோபம் மூக்குக்கு மேல். எனக்குச் சொல்லாமலே போய், வீட்டு வெளிச்சுவரில் இருக்கும் மீட்டர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். "இனி மோட்டார் ஓடாது, தண்ணி ஏறாது, மாவு அரைக்க முடியாது. ரெண்டு நாள்ல தன்னால கெளம்பிருவாக பாரு" என்று அதை மேசை மேல் வைத்தான். வக்கீலம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது. இத்தனை நாள் அலைந்தது பாழாகி, தப்பு என் தலையில் விடியப் போகிறது.

கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். போய், மெயினை அணைத்து, என் கையாலேயே அதைத் திரும்பச் சொருகினேன். அந்த அம்மா கை நிறையக் கடலை மாவோடு கொல்லைப்பக்கத்திலிருந்து வந்து நின்று பார்த்தார். விர்ரென்று மோட்டார் ஓடத் தொடங்கியதும் நான் திரும்பிவிட்டேன். இரக்கப்பட்டுச் செய்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். சுத்தமான பயம்.

கடைசியில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. காலி செய்யக் கோர்ட் அவகாசம் கொடுத்தது. அவகாசமும் முடிந்தது, அவர்கள் நகரவில்லை. மறுபடி மனுப் போட்டு, வைகாசியில் ஒரு நாள் அமீனா வருவதாக முடிவானது.

அன்று காலையில் நான் செய்திருந்த ஏற்பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். அமீனா, வக்கீல் குமாஸ்தா, பாதுகாப்புக்கு இரண்டு போலீஸ்காரர்கள், பூட்டை உடைக்கச் சம்மட்டியோடு ஓர் ஆள். புதுப் பூட்டு இரண்டு வாங்கி வைத்திருந்தேன். எல்லோருக்கும் கொடுக்கப் பிளாஸ்க் நிறைய டீ. வழியெல்லாம் என் நினைப்பு ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. மூன்று பிடி மண்.

போய் இறங்கினால் வாசலில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. சாமான்கள் ஏற்றிக் கட்டியாகிவிட்டது. சேவு போடுகிற பெரிய சட்டி எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்ந்து கிடந்தது. கதவு விரியத் திறந்திருந்தது. சம்மட்டிக்காரர் என்னையும் அமீனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். எனக்கு அவர் முகம் தெரியவில்லை, கைகள்தான் தெரிந்தன. படியிறங்கி வாசலுக்கு வந்து, சட்டென்று மண்ணைப் பார்த்துக் குனிந்தார். என் உயிர் என்னிடம் இல்லை. ஐயோ, வேண்டாம்மா என்று கத்த வாயெடுத்தேன்.

குனிந்தவர், வாசலில் போட்டிருந்த கோலத்தில் விட்டுப்போயிருந்த ஓர் இழையை இழுத்து மூடிவிட்டு நிமிர்ந்தார்.

"வாங்க, உள்ள வந்து பாத்துக்கோங்க" என்றார்.

உள்ளே போனேன். தரை கழுவி ஈரம் காயாமல் இருந்தது. புகையடித்துக் கறுத்துக் கிடக்கும் என்று நான் நினைத்திருந்த அடுப்படிச் சுவர்கள் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்றிருந்தன. சமையல் மேடையில் ஒரு குடம் நிறைய நல்ல தண்ணீர். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கல் உப்பு, அதன் மேல் ஒரு மஞ்சள் கிழங்கு, இன்னொரு கிண்ணத்தில் துவரம்பருப்பு. விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த அமீனா அதைப் பார்த்ததும் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

நான் பூட்டு கொண்டுபோயிருந்தேன், போலீஸ் கூட்டிப்போயிருந்தேன். என் சொந்த வீட்டுக்கு நான் குடி வருகிற நாள் அது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒரு பிடி உப்பு எடுத்துப் போகத் தோன்றவில்லை. எத்தனையோ வாடகை வீட்டுக்கு முதலில் உப்பும் பருப்பும் தண்ணீரும் சுமந்துபோனவள் நான். அமீனா, போலீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

"ஏம்மா இதெல்லாம்?" என்றேன்.

"வெறும் வீட்ட விட்டுட்டுப் போனா போற எடத்துல எங்களுக்கு வெளங்குமா? எங்களுக்காகச் செஞ்சோம்" என்றார் விறைப்பாக. அப்புறம் குரலைத் தணித்து, "அன்னைக்கு தீபாவளி யாவாரத்துல நீங்க வந்து அந்தக் கட்டைய மாட்டாட்டா எங்க பொழப்பு நாறிருக்கும். கேசு நடக்கையில யாருதான் அப்பிடிச் செய்வாகக்கா?" என்றார்.

டீச்சர் மறுபடி அக்கா ஆகியிருந்தேன். பயத்தில் செய்தேன் என்று உண்மையைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவும் சொன்னேன். அவர், "பயந்தோ பயப்படாமலோ, மோட்டார் ஓடுச்சுல்ல" என்றார்.

"அப்ப மண்ணை வாரித் தூத்துவேன்னு சொன்னது?"

"வாய் சொல்லிருச்சு. வாய் சொன்னதையெல்லாம் கை செய்யணும்னு இருக்கா?"

அமீனா நீட்டிய இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். பிளாஸ்க் டீயை அந்த அம்மாவின் டம்ளர்களில்தான் ஊற்றிக் குடித்தோம். சாலையோரத்தில் மூடிக்கிடந்த ஒரு பழைய கொட்டகையும் அதை ஒட்டி ஓர் அறையும் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. புகை வந்தாலும் கேட்பாரில்லாத இடம். வண்டி கிளம்பியதும், முதல் காரியமாக நடுக்கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா ஒரு பொட்டலம் சேவோடு வந்தார். கொட்டகைக்காரர் அந்த ஊர்ச் சம்சாரி, நிலபுலம் வைத்து விவசாயம் பார்ப்பவர். எழுதிக்கொள்ளாமல் வாய்ப்பேச்சாக வைத்துக்கொள்ளலாம் என்கிறாராம். "நீங்க கோர்ட்டுல அலைஞ்சவுக. வெவரம் தெரியும். ஒரு எட்டு கூட வாங்கக்கா" என்றார். போனேன். காலி செய்யச் சொல்வதென்றால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், என்ன சண்டை வந்தாலும் கரண்ட்டையும் தண்ணீரையும் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாக நான் எழுதச் சொல்ல, அந்தச் சம்சாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களும் வீட்டுக்காரவுகதான? எந்தக் கட்சிக்குப் பேசுறீக?" என்றார்.

"நான் ரெண்டு கட்சியிலயும் இருந்தவ" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போது என் வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன். நினைத்த நேரத்தில் நினைத்த சேலையை எடுக்கிறேன், நினைத்த இடத்தில் ஆணி அடிக்கிறேன். யாராவது கோர்ட், சட்டம் என்று அலுத்துக்கொண்டால் மட்டும் எனக்கு அந்த அடுப்படி கண்ணுக்குள் வந்துவிடும். சட்டம் யாரையும் நல்லவராக்குவதில்லை. ஆனால் நல்ல புத்தி வந்து சேருகிறவரைக்கும் நம் கையைப் பிடித்து நிறுத்தி வைக்கிறது, எங்கள் இரண்டு பேருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.