நைட் ஷிஃப்ட் வாரத்து மாத்திரை

போன வாரம் ஓசூரில் ஓர் இதய டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம், நானும் என் வீட்டுக்காரரும். அவருக்கு ஆஞ்சியோ எடுத்ததில் இரண்டு அடைப்பு. வருகிற திங்கள்கிழமை ஸ்டென்ட்.

இரண்டு வருஷமாகக் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறாரே, பிறகெப்படி?

அங்கேதான் என் கைங்கரியம் இருக்கிறது.

மத்திகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். ப்ரெஸ் மெஷின். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் மதியம், அடுத்த வாரம் நைட். மருந்துச் சீட்டில் ‘இரவு படுக்கும்முன்’ என்று இருந்தது. படுக்கும்போது போடுகிற மாத்திரை என்றால் தூக்கம் வரும் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன். மெஷின் முன்னால் கண் அசந்தால்? கூட வேலை பார்த்தவருக்கு இரண்டு விரல் போனதைப் பார்த்தவள் நான்... அந்தப் பயம் லேசில் போகுமா?

அதனால் நைட் ஷிஃப்ட் வந்தால் மாத்திரை அட்டையை எடுத்து பீரோவில் வைத்துவிடுவேன். இந்த வாரம் வேண்டாங்க என்பேன். அவரும் சரி என்பார்.

மூன்று வாரத்தில் ஒரு வாரம் — இப்படியே இரண்டு வருஷம்! மெடிக்கல் ஷாப்பில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புடவை சாயம் போகுமா என்று பத்து தடவை கேட்கிறவள், இதைக் கேட்கவில்லை.

தினமும் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“நைட் ஷிஃப்ட் வாரத்துல மட்டும் மறந்து உட்டுடறேங்க சார்.”

டாக்டர் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். அது தூக்க மாத்திரை இல்லையாம். இவருக்கு எழுதியதை எந்த நேரத்திலும் போடலாமாம்; நைட் டூட்டி என்றால் காலையில் வந்து படுக்கும்போது போட்டால் போதுமாம். அடைப்புக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இப்படி விட்டுவிட்டுப் போட்டது பெரிய தப்பு என்றார். ஐம்பது வயது மனிதர், தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

பிறகு டாக்டர் என்னைப் பார்த்தார்.

“நீங்களாவது ஞாபகப்படுத்திக் குடுக்கக் கூடாதாம்மா?”

“இனிமே குடுக்கறேங்க சார்” என்றேன்... ரொம்ப நல்ல பெண்டாட்டி மாதிரி.