சாவி என் கழுத்தில்தான் இருந்தது

எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தால் இன்றைக்கும் நான் எலும்பை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைச் சுத்தம் பார்க்கும் குணம் என்று நினைத்துக்கொண்டு தன் அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். சுத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. எலும்பு ஆட்டுடையதுதானா என்று பார்க்கிறேன். சின்ன வயதில் ஒரு தவக்காலத்தில் பிடித்த பழக்கம், இன்னும் விடமாட்டேன் என்கிறது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். மாதா கோவிலில் நான் ஏற்றிய மெழுகுதிரியை யாராவது அணைத்துவிட்டுத் தன்னுடையதை வைத்துவிடுவார்களோ என்று பாதிப் பூசையில் திரும்பித் திரும்பிப் பார்த்து அம்மாவிடம் கிள்ளு வாங்குவேன். அப்படிப்பட்டவளிடம்தான் வாயில்லாத நாலு ஜீவன்களை அப்பா ஒப்படைத்தார்.

நான் புதுநன்மை, அதாவது கோவிலில் முதல் நற்கருணை, வாங்கியபோது கைக்கடிகாரம் கேட்டிருந்தேன். அப்பா ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிக்குள் இரண்டு முயல்களும் இரண்டு கினிப்பன்றிகளும் இருந்தன. முயலை எல்லோருக்கும் பிடித்துப்போனது. கினிப்பன்றியைத் தூக்கிப் பார்த்த அம்மா, வால் எங்கே என்று கேட்டாள். வாலில்லாத எலியைக் கடைக்காரன் அப்பாவின் தலையில் கட்டிவிட்டான் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சியிலிருந்து அவள் கடைசிவரை மாறவில்லை, கொய்யாப்பழம் வாங்கினால் ஒரு துண்டை அந்த எலிகளுக்கு ஒதுக்கி வைத்தாலும்கூட.

மீன் பெட்டிப் பலகையையும் கம்பி வலையையும் வைத்து அப்பா ஒரு கூண்டு அடித்தார். நடுவில் தடுப்பு, ஒரு பக்கம் முயல், மறு பக்கம் கினிப்பன்றி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதவு. பூவரச மரத்தடியில் வைத்தோம். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, குளிப்பாட்டக் கூடாது, கினிப்பன்றிக்குப் புளிப்பான பழம் கொடுக்காவிட்டால் மூட்டு வீங்கிப் படுத்துவிடும் என்றெல்லாம் அம்மாவின் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். உச்சி வெயிலில் சாக்கை நனைத்துக் கூண்டின் மேல் போடுவேன். கினிப்பன்றிகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பிளாஸ்டிக் கவர் சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், கீரைதான் வருகிறது என்று இரண்டும் விசில் அடிப்பது போலக் கத்தும். கவருக்குள் சோப்பு இருந்தாலும் கத்தும். மனிதர்களை அவ்வளவு நம்பும் பிராணியை நான் அதன் பிறகு பார்க்கவில்லை. அவற்றுக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியதாயிற்று.

ஒரு நாள் தெருநாய் ஒன்று மூக்கால் முட்டிக் கொக்கியை எடுத்துவிட்டது. நல்லவேளை, நான் அங்கே இருந்தேன். அன்றைக்கே அடம்பிடித்து ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன். சாவியைக் கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

அடுத்து தவக்காலம் வந்தது. நாற்பது நாள் வீட்டில் கறி கிடையாது. எங்கள் ஊரில் மீன் நோன்பில் சேராது என்பதால் யாரும் மெலிந்துவிடப் போவதில்லை, ஆனாலும் கறி கூடாது என்று சொன்னதும் எல்லோருக்கும் கறி ஞாபகம் வந்துவிடும். இந்த வருடம் ஈஸ்டருக்குக் கறிக்கடைப் பக்கம் போக வேண்டியதில்லை, வீட்டிலேயே கொழுத்து நிற்கிறது என்று அப்பா கூண்டைப் பார்த்துச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள்மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. கேலி பேசாமல் இருந்தவர் ஒருவர்தான். அவர் மாமா.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. கல்யாணம் ஆகவில்லை. விசைப்படகில் போனவரை எல்லை தாண்டியதாகப் பிடித்து அக்கரையில், இலங்கையில், சில மாதம் ஜெயிலில் வைத்திருந்துவிட்டு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பிறகு விடுதலை செய்திருந்தார்கள். எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. என் வகுப்பிலேயே அப்பாவோ சித்தப்பாவோ அங்கே இருந்துவிட்டு வந்த பிள்ளைகள் உண்டு. பொழுது சாய்ந்தால் அங்கே தலையை எண்ணி உள்ளே விட்டுப் பூட்டுவார்களாம் என்று அவர்கள் கதை சொல்வார்கள். பிடித்துக்கொண்டு போவார்கள், இங்கே மனு கொடுப்பார்கள், ரோட்டில் உட்காருவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள், மாலை போட்டுக் கூட்டி வருவார்கள். ஆள் வந்து சேர்ந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

வந்த மாமா பழைய மாமாவாக இல்லை. முன்பெல்லாம் உயிர் நண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தெரு முனை வரை விரட்டுவார். இப்போது கடலுக்கும் போகவில்லை. ராத்திரி வீட்டுக்குள் படுக்காமல் முற்றத்து மணலில் பாய் விரித்தார், அங்கேயும் தூங்கவில்லை என்று அம்மா சொன்னாள். அம்மாவும் அப்பாவும் அவரைப் பற்றித் தணிந்த குரலில் பேசுவார்கள், நான் வந்தால் நிறுத்திவிடுவார்கள். எனக்கு மறைத்துப் பேச இந்த வீட்டில் என்ன இருக்கிறது? முயல்தான்.

ஆதாரங்கள் தினம் தினம் சேர்ந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மாமா கூண்டுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். தட்டில் போட்ட சோற்றில் பாதியை மிச்சம் வைத்துக் கொண்டுவந்து கம்பிக்குள் தள்ளுவார். எதற்குக் கொழுக்க வைக்கிறார்? கூண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாண் போட்டு அளந்ததை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். அன்று அவர் கேட்ட கேள்விகளும் கறிக்காரர் கேட்கும் கேள்விகளாகவே எனக்குப் பட்டன.

"ஏத்தா, இதுகள எப்பத் தொறந்து விடுவீக?"

திறந்துவிடுவதில்லை, நாய் வரும் என்றேன்.

"நாய் வராட்டி?"

பூனை வரும் என்றேன்.

"பூனையும் வராட்டி?"

அப்படி ஒரு நாளே கிடையாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவர் இன்னும் எதையோ கேட்க வாயெடுத்தது தெரிந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் சாவி. பொழுது சாய்ந்ததும் தினமும் என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்.

"சாவி உங்கிட்டதான இருக்கு?"

இருக்கிறது என்று சொன்னால் போய்விடுவார். மறுநாள் மறுபடியும் கேட்பார். திருடுகிறவன் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பானா என்று ஒரு பெரிய மனுஷி யோசித்திருப்பாள். நான் வேறு விதமாக யோசித்தேன். ஒரு நாள் ஆழம் பார்ப்பதற்காக, சாவி தொலைந்துவிட்டது என்றேன்.

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. உடனே முற்றத்து மணலைக் கையால் அள்ளி அள்ளிச் சலிக்க ஆரம்பித்தார். குடத்தை நகர்த்திப் பார்த்தார், விறகைப் புரட்டிப் பார்த்தார், கூண்டுக்குப் போய்ப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மணலுக்கு வந்தார். எனக்கே பயமாகப் போய்ச் சட்டைக் கழுத்துக்குள்ளிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். அவர் திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தார். முயல்கறிமேல் ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆசையா என்று நான் மலைத்துப்போனேன்.

ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று அவர் எங்களோடு கோவிலுக்கு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. கூட்டத்தை அடைத்துக்கொண்டு கதவைச் சாத்தியபோது குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு வெயிலிலேயே நின்றார். பாவம் செய்யப் போகிறவனுக்குக் கோவில் ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டினேன். பெரிய வெள்ளிக்கு வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவர் சொன்னபோது கழுத்துச் சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நானும் வரவில்லை என்று அழுது பார்த்தேன். அம்மா தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். சிலுவைப்பாதையின் பதினான்கு தலத்திலும் நான் முயல்களுக்காகத்தான் முழங்கால் போட்டேன்.

திரும்பி வந்தபோது கூண்டு காலியாக இருந்தது. அதைவிட விசித்திரம், கதவே இல்லை. கதவை முழுசாகக் கழற்றிப் பூவரச மரத்தில் சாய்த்து வைத்திருந்தது. கீலில் இருந்த திருகாணிகளெல்லாம் ஒரு சிரட்டைக்குள் பத்திரமாகக் கிடந்தன. சட்டத்தில் பூட்டு மாட்டியிருந்த வளையமும் கழன்று கதவோடு போயிருந்தது. அதில் என் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி என் கழுத்தில்தான் இருந்தது. மாமாவைக் காணவில்லை.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அம்மா என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

"பெரிய வெள்ளிக்கிழம கறி ஆக்குறவன் இந்தத் தீவுல எவனும் இல்லத்தா. எதுனாலும் நாளைக்கித்தான்."

அப்படியென்றால் இன்று ராத்திரிவரை உயிரோடு இருக்கும். நான் அடுப்படியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை உருவிக்கொண்டு ஓடினேன். அப்பா பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு வீட்டு வேலி ஓரமும் நின்று கவரைக் கசக்கினேன், காது கொடுத்துக் கேட்டேன். சந்து முடிந்து தெற்குக் கரை வந்தது. ஏற்றிக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னாலிருந்து, கீரை வந்துவிட்டது என்ற முழு நம்பிக்கையோடு இரண்டு விசில் கேட்டது.

அங்கே மணலில் முள்ளாய்க் குத்தும் இராவணன்மீசைப் புல்லைச் சுத்தமாகப் பிடுங்கிவிட்டு, எங்கள் வீட்டு அகலத்துக்கு ஒரு அடைப்பு போட்டிருந்தது. நாலு பக்கமும் கழி நட்டு, பழைய வலையைக் கட்டி, அடிக்கயிறு நெடுக ஈயக்குண்டு கோத்திருந்தது. ஒரு முடிச்சு பிசகவில்லை. உள்ளே தண்ணீர்ச் சட்டி, முருங்கைக்கீரை, நிழலுக்கு நனைத்த சாக்கு. கினிப்பன்றிகள் இரண்டும் இருந்தன. முயல்களைக் காணவில்லை. வலைக்கு அடியில் மணலில் ஒரு வளை மட்டும் இருந்தது.

அப்பா குனிந்து ஈயக்குண்டைத் தொட்டுப் பார்த்தார். கடலில் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறான் என்று முணுமுணுத்தார். மேல் பக்கம் தாண்டாது, அடிப் பக்கம் பாரம் இருக்கிறது, இனி எது எங்கே போய்விடும் என்று மாமா நினைத்திருக்கிறார். கடலில் வலைக்கு அடியில் மண்ணைத் தோண்டிக்கொண்டு போகிற மீன் கிடையாது.

மாமா வள்ளத்து நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் வந்த பிறகு அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டியும் கேட்காமல் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் விருட்டென்று எழுந்து நேராக நின்றார்.

"எண்ணிட்டாகளா?"

"ரெண்டு குறையுது," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மெதுவாக வலையோரம் வந்து மண்டியிட்டு அந்த வளைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். கை வெறுமனே வெளியே வந்தது. மாமா சிரித்தார். கன்னத்தில் மணல் ஒட்டியிருக்க, நண்டோடு என்னை விரட்டிய நாட்களில் சிரித்த மாதிரியே சிரித்தார்.

"போயிருச்சுக ஏத்தா," என்றார்.

அதைவிடப் பெரிய வாக்குமூலம் எனக்குத் தேவைப்படவில்லை. நான் அழுத அழுகையில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் ஏன் மாமாவை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று அவர்மேலும் சந்தேகம் வந்தது.

ஈஸ்டருக்கு அம்மா ஆட்டுக்கறி என்று சொல்லி ஒரு குழம்பு வைத்தாள். நான் ஒவ்வொரு எலும்பாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மாமா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கரண்டியை வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குற்ற உணர்ச்சி என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் மாமா படகேறினார். முயல்களைப் பனங்காட்டில் பார்த்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். குட்டி போட்டிருக்கிறது, வளை வளையாக இருக்கிறது என்பார். அத்தாட்சி கேட்டபோது ஒரு நாள் காகிதத்தில் புழுக்கை பொதிந்து கொண்டுவந்தார். அது ஆட்டுப் புழுக்கை. தெற்குக் கரையில் எத்தனை நாய்கள் அலைகின்றன என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது எனக்கே விளங்கவில்லை.

அந்தக் கதவை அப்புறம் யாரும் கூண்டில் மாட்டவில்லை. கினிப்பன்றிகள் தாண்டிக் குதிக்காது என்பதால் முற்றத்தில் நாலு பலகையை வைத்து அடைத்தோம், அதிலேயே ராஜாவாக வாழ்ந்தன. மாமா அவற்றுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, வெயில் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினார். கதவு பூவரச மரத்தில் சாய்ந்தபடியே கிடந்தது, பூட்டு துருப்பிடித்தது. நான் மட்டும் சாவியைக் கழற்றவில்லை. பொழுது சாய்ந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கேட்டால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று தயாராக நிற்பேன். பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மாமா அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வேலை முடிந்துவிட்டது, இனித் திருடனுக்குச் சாவி எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.