டிக்கெட் வாங்கி வந்த மகள்

வாய்ப்பந்தலாருக்கு மனுஷர்களையே பிடிக்காது. அப்படிப்பட்டவருக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்: காலை ஒன்பது மணியிலிருந்து அந்தி சாயும்வரை மனுஷர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவது. நின்ற இடத்தில் வாயாலேயே பந்தல் போட்டுவிடுவார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பழைய நகரத்தில், கடிகாரம் பழுது பார்க்கிற கடைகளும் பூட்டுக் கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவின் கடைசியில் இருக்கிறது ஷியா முஸ்லிம்களின் துக்க வீடு. இருநூற்றைம்பது வருஷக் கட்டடம். கர்பலாப் பாலைவெளியில் தண்ணீர்கூட மறுக்கப்பட்டு, சொந்தபந்தங்களோடு கொல்லப்பட்ட நபியின் பேரர் இமாம் ஹுசைனுக்காக அழுவதற்கென்றே கட்டியது. அழுகிறதுக்கு ஒரு மாளிகையா என்று வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பார்கள். சிரிக்கிறதுக்கு நீங்கள் தியேட்டர் கட்டவில்லையா என்பது அவருடைய முப்பது வருஷத்துப் பதில். அழ வருகிறவர்களுக்குப் பக்கவாட்டில் ஒரு வாசல், காசு கிடையாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு முன்வாசல், டிக்கெட் உண்டு. முன்வாசல்தான் வாய்ப்பந்தலாரின் ராஜ்ஜியம்.

வருகிற கூட்டத்தை அவர் தராசு இல்லாமலே எடை போடுவார். கூரையில் தொங்கும் சரவிளக்கு எத்தனை கிலோ என்று கேட்கிறவன் மளிகைக்கடை வைக்கப் பிறந்தவன். சுவரில் போர்த்திய கறுப்புத் துணிக்கு முன்னால் உதட்டைக் குவித்துப் படம் எடுத்துக்கொள்கிற பெண்களை அவர் ஒரு சொல் சொல்வார், அது இங்கே வேண்டாம். உள்ளே காலெடுத்து வைத்ததுமே கழிப்பறை எங்கே என்று விசாரிக்கிற குடும்பஸ்தர்களுக்கு வேண்டுமென்றே தூரத்தில் இருப்பதைக் கைகாட்டுவார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நாளைக்குப் பத்துத் தடவையாவது முணுமுணுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

சொந்த ஜனத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. இரங்கல் பாட்டின் முதல் வரிக்கே மூக்கைச் சிந்துகிறவர்கள் நடிகர்கள். கடைசி வரிவரைக்கும் சிந்தாதவர்கள் கல்நெஞ்சர்கள். அலுவலக அறையில் உட்கார்ந்தபடி தூங்கும் அறங்காவலருக்கு 'அசையாச் சொத்து' என்று பெயர். இவ்வளவு வாய் கிழியப் பேசுகிற மனுஷன் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு நாளாவது அழுதிருக்கிறாரா என்றால், அதுதான் இல்லை. கண்ணீர் வராதவன் அழுகிற முகமாவது வைத்துக்கொள்ளட்டும் என்று அங்கே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த முகம் அவருக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி வந்துவிடும், கழற்றவும் வந்துவிடும்.

அவருக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்க்கிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாள். வேறு மதம், வேறு ஊர். வாய்ப்பந்தலார் கத்தவில்லை, கை நீட்டவில்லை. எனக்கு மகளே பிறக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன், நீயும் அப்பன் இல்லாதவள் என்று சொல்லிக்கொள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவளும் அப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளையாகவே நடந்துகொண்டாள். மாமியார்க்காரியிடம், எனக்கு யாரும் இல்லை என்றே சொல்லி வைத்துவிட்டாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அந்த வீட்டில் பித்து முழுவதும் தாய்க்குப் போய்விட்டது, கல் முழுவதும் தகப்பனுக்கு.

தாய்க்காரி ஒவ்வொரு வியாழக்கிழமையும் துக்க வீட்டில் பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்து இரங்கல் பாட்டுப் பாடுவாள். பாடி முடித்துத் தொண்டை கட்டிய குரலோடு, முந்தானைக்குள் ஒரு சின்ன பட்டன் போனை மறைத்து மகளோடு பேசுவாள். இப்படி ஆறு வருஷம். புருஷனுக்கு இது தெரிந்ததே அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த மூன்றாம் நாள்தான். புடவை அடுக்குக்குள்ளிருந்து போன் அடித்தது. எடுத்தார், யார் என்று பார்த்தார், அணைத்தார், அலமாரியில் வைத்துப் பூட்டினார். காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த மூன்று நாளும் அவள் மகளைக் கூப்பிடச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். அப்போது அசையாதவர் இப்போதா அசைவார்? அது நடந்து நாலு மாதம் ஆகிறது. தாய் செத்தது மகளுக்குத் தெரியாது.

போன வியாழக்கிழமை டிக்கெட் கொடுக்கிறவன் இரண்டு பெண்களை அவரிடம் அனுப்பினான். ஒருத்தி வயதானவள், முழங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை என்று அவளே முதல் வாக்கியத்தில் சொல்லிக்கொண்டாள். முழங்காலுக்கு இந்த ஊர் டாக்டர் நல்லவர் என்று மருமகள் கூட்டி வந்தாளாம், வந்த இடத்தில் இதையும் பார்த்துவிடலாம் என்று அந்த மருமகள்தான் ஒற்றைக்காலில் நின்றாளாம். மருமகள் என்றவள் வாசலில் கொடுத்த கறுப்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். அவருடைய மகள்.

வேறு வழிகாட்டியிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளினால் பயந்து ஓடிவிட்டான் என்று நினைப்பாளே என்று வீம்பு வந்தது. பக்கவாட்டு வாசல் வழியாக ஓடி விளையாடியவள், இன்றைக்கு முன்வாசலில் டிக்கெட் வாங்கி வருகிறாள், மூஞ்சியைப் பார் மூஞ்சியை என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டார். "வாங்கம்மா, செருப்பை இப்படி விடுங்க," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

சரவிளக்கு, ரசம் போன கண்ணாடிகள், பேச்சாளர் ஏறி உட்காரும் மரப்படிகள், வெள்ளித் தகடு போர்த்திய கொடிகள் என்று அவர் பந்தல் போட்டுக்கொண்டே போனார். தலைமை ஆசிரியை ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேட்டாள். மகள் எதையும் பார்க்கவில்லை. பெண்கள் பக்கத்தை மறைக்கும் துளைபோட்ட மரத்தடுப்பையே பார்த்தபடி வந்தாள். அதற்கு அந்தப் பக்கம் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவள் காது ஒரு குரலைத் தேடுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் சரவிளக்கின் எடையைச் சொன்னார், யாரும் கேட்காமலே.

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். டிக்கெட்டில் வந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்றார். பச்சைப் பொய். பெண் என்று பிறந்த யார் வேண்டுமானாலும் அங்கே போய் உட்காரலாம். அந்தத் தடுப்பைப் பிடித்துத்தான் அவள் நடை பழகினாள், அவளிடம் போய் இந்தப் பொய்.

அவள் சண்டைக்கு வரவில்லை. தடுப்பின் துளையில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"அந்தத் தூண்கிட்ட இடம் காலியா இருக்கே. அங்க உக்கார்றவங்க இன்னிக்கு வரலையா?"

ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கென்ன தெரியும் என்றிருக்கலாம். கர்பலாவில் விழுந்த எழுபத்திரண்டு பேரையும் வரிசை பிசகாமல் முப்பது வருஷமாகச் சொன்ன வாய், அந்த நேரத்தில் ஒரு பொய்க்கு வழியில்லாமல் நின்றது.

"அங்க ஒரு அம்மா உக்காருவாங்க," என்றார், அதே வழிகாட்டிக் குரலில். "நல்லாப் பாடுவாங்க. நாலு மாசம் முன்னாடி தவறிட்டாங்க. மூணு நாள் காய்ச்சல்."

மகளின் விரல்கள் மரத்துளைகளுக்குள் போய் இறுகின. முகத்தைத் திருப்பவில்லை.

"கடைசியில யாரையாவது கேட்டாங்களா?"

"மகளைக் கேட்டாங்க."

"வந்தாளா?" என்று தலைமை ஆசிரியை குறுக்கே புகுந்தாள்.

"அவளுக்குச் சேதி சொல்லலீங்க. புருஷன் வேண்டாம்னுட்டார்."

தலைமை ஆசிரியை எத்தனையோ தகப்பன்மார்களைத் தன் மேஜைக்கு முன்னால் நிற்க வைத்துப் பேசியவள். குரலை உயர்த்தாமலே கேட்டாள். "சாகப் போறவ பெத்த பொண்ணைப் பாக்கணும்னு கேட்டும் சொல்லாம விட்டானா? அவனும் இந்த வீட்டுக்கு வர்றவன்தானா? வந்து யாருக்காக அழறான்?"

வாய்ப்பந்தலார் கொடிகளின் பக்கம் கையைக் காட்டினார்.

மகள் அவரைத் தாண்டிக்கொண்டு சின்னக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். அவர் தடுக்கவில்லை. பாடிக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். தூணில் தலையை முட்டுக்கொடுத்து அவள் போட்ட ஓலம் கூரைவரைக்கும் போயிற்று. ஒருத்தி முதுகைத் தடவினாள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அது கேட்கிற கேள்வியே இல்லை. இமாமுக்காகக் கூடி அழும்போது அவரவர் பறிகொடுத்தவர்களையும் சேர்த்துத்தான் அழுவார்கள்.

"இளகின மனசு. கதை கேட்டாலே இவளுக்குத் தாங்காது," என்றாள் தலைமை ஆசிரியை, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. கர்பலாக் கதையில் மிச்சத்தைச் சொல்லச் சொன்னாள். அவர் ஆரம்பித்தார். தாகத்தால் துடித்த குழந்தையைச் சொன்னார், தண்ணீர் எடுக்கப்போன இமாமின் தம்பியைச் சொன்னார், திரும்பவும் குழந்தையைச் சொன்னார். உள்ளேயிருந்து மகளின் குரல் வர வர வரிசை குலைந்துகொண்டே போனது. அந்தப் பிள்ளையை முதலிலேயே சொல்லிவிட்டீர்களே என்று தலைமை ஆசிரியை திருத்தினாள். முப்பது வருஷத்தில் அவரை யாரும் திருத்தியதில்லை. அவருடைய முகம் வழக்கமான அழுகை முகத்துக்குப் போகப் பார்த்தது. அதுவும் சரியாக உட்காரவில்லை.

அரைமணி நேரம் கழித்து மகள் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் நடை நிதானமாக இருந்தது. நேரே அவரிடம் வந்து, அந்த அம்மாவை எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று கேட்டாள். ஆற்றுப்பக்கத்து மயானம், நுழைந்ததும் இடதுகைப் பக்கம், சுவரோரமாக மூன்றாவது என்றார். ஆறு வருஷத்தில் முதல்தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நான் கூட வந்து காட்டறேன்," என்றார். அது வழிகாட்டிக் குரல் இல்லை.

"வேண்டாங்க," என்றாள் மகள். "வேடிக்கை பாக்க வர்றவங்களுக்குத்தான் வழிகாட்டி வேணும். நான் அவங்க பொண்ணு. நானே தேடிக்கறேன்."

தலைமை ஆசிரியை மருமகளைப் பார்த்தாள். பிறகு வாய்ப்பந்தலாரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். தான் சற்று முன்னால் கேட்ட கேள்வியை அவள் திரும்பக் கேட்கவில்லை. மருமகளின் தோளில் கையைப் போட்டு, "வாடா கண்ணு, அம்மாவைப் பாத்துட்டு வருவோம்," என்று சொல்லி, முழங்காலைத் தாங்கித் தாங்கி அவளோடு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே போனாள்.