ராகு காலம் முடியட்டும் என்று காத்திருந்தபோது

மகளுக்குக் கிடைத்திருந்த பொறியியல் இடத்தை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பதினொரு மணிக்கே சேர்க்கைத் தளத்தில் நுழைந்துவிட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆனால் ராகு காலம்.

சென்னையில் அச்சான எங்கள் நாள்காட்டி, பன்னிரண்டு மணியோடு அது முடிகிறது என்றது. மும்பையில் சூரியன் தாமதமாக உதிப்பதால் மாட்டுங்காவில் நாங்கள் அரை மணி கூட்டிக்கொள்வோம். சரியாக எவ்வளவு என்ற சந்தேகம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்த ‘மும்பைக்கான இன்றைய நல்ல நேரம்’ என்ற இணைப்பைத் திறந்தேன். சேர்க்கைத் தளத்தை விட்டு வெளியே வரவில்லை. வந்தால், அந்த நெரிசலில் மறுபடி நுழைய முடியாதோ என்று பயம்.

பன்னிரண்டு முப்பத்தேழு வரை என்றது அந்தப் பக்கம். நாற்பதுக்கு அழுத்தினேன். ஓடிபி வரவில்லை. அது அனுப்பப்பட்டதாகத் திரை காட்டிய கைபேசி எண் என்னுடையதே அல்ல.

மகள் வந்து பார்த்தாள். “அம்மா, ராகு காலம் பார்த்தியே, அந்தப் பேஜோட வேலைதான். உனக்குத் தெரியாமலே உன் பேர்ல இந்த சைட்டுக்கு நம்பரை மாத்தச் சொல்லி ரிக்வெஸ்ட் அனுப்பிடுத்து.”

“நான் எதையும் தொடலையேடி.”

“நீ தொடவே வேண்டாம். லாகின்லயே இருந்தியோல்லியோ. அந்த ரிக்வெஸ்ட் எந்தப் பேஜ்லேர்ந்து வரதுன்னு இந்த சைட் கேக்கவே இல்லை. பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி கூட அனுப்பலை. நல்ல நேரம் பார்த்தே போ.”

டாக்ஸி பிடித்து தாதரில் இருந்த உதவி மையத்துக்கு ஓடினோம். மூன்று மணி நேர வரிசை. குமாஸ்தா திரையை என் பக்கம் திருப்பினார். என் லாகின், என் கணினி, எண் மாறியது பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு, நான் அந்த இணைப்பைத் திறந்த நேரம். “ஆப் நே ஹி கியா ஹை, மேடம்.” நீங்கள்தான் செய்திருக்கிறீர்கள் என்கிறார். தளத்தில்தான் ஓட்டை என்று மகள் இந்தியில் விளக்கினாள். அப்படிப் புகார் எழுதினால் விசாரணைக்குப் போகும், இன்று எண்ணை மாற்ற முடியாது என்றார். ‘தவறுதலாக நானே மாற்றிவிட்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் இப்போதே மாற்றலாம்.

மணி நாலு இருபது.

“கையெழுத்தைப் போடும்மா. சண்டையை நாளைக்குப் போட்டுக்கலாம்.”

போட்டேன். இடம் உறுதியானது. நாளைக்கு எந்தச் சண்டையும் போட முடியாது என்பது டாக்ஸியில் திரும்பும்போதுதான் உறைத்தது. நான் செய்யாததை நானே செய்ததாக எழுதிய காகிதம் அவர்களிடம் இருக்கிறது. அதன்படி அந்தத் தளத்தில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.