ஸ்டெல்லா மிஸ்ஸின் கழுத்து

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. காக்ஸ் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மிஸ் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார்.

"கிளம்பு. கமர்ஷியல் தெருவுல துணி எடுக்கப் போறோம்னு வீட்ல சொல்லியிருக்கேன். நெஜமா போறது இந்திரா நகருக்கு. ஸ்கின் டாக்டர்கிட்ட."

அடிக்கிற வெயிலில் கழுத்தைச் சுற்றி ஸ்கார்ஃப் வேறு!

மிஸ்ஸை உங்களுக்குத் தெரியாதே... ரிட்டயர்மென்ட்டை நெருங்கும் கணக்கு டீச்சர். எங்கள் சர்ச் கொயரில் தனிப்பாட்டு என்றால் அவர்தான். ஆனால் சில வாரங்களாக, தொண்டை சரியில்லை என்று கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டிருந்தார்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை என்பது ஆட்டோவில்தான் தெரிந்தது. பிரச்சினை ஒரு கல்யாண சிடி. நாத்தனார் மகன் கல்யாணத்தில் மிஸ் பாடியிருக்கிறார். வீடியோ எடுத்தவர் என்ன நினைத்தாரோ — உச்சத்தில் பாடும்போது கழுத்தையே குளோசப்பில் பிடித்துவிட்டார். குடும்பமே உட்கார்ந்து பார்க்கும்போது நாத்தனார் சொன்னாராம்: "பாட்டு சூப்பர் அண்ணி. ஆனா கழுத்துல ரெண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்த மாதிரி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். அதற்கப்புறம் பாடவில்லை.

யோசித்துப் பார்த்தால், முகத்துக்கு நாம் செய்யாதது என்ன? பவுடர், கிரீம், ஃபேஷியல்... எல்லாம் தாடையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே வேறு யாருடைய சொத்தோ என்கிற மாதிரி. வயசு முதலில் அங்கேதான் வந்து உட்காருகிறது.

டாக்டர் சின்னப் பெண். "பல்லைக் கடிச்சுட்டு 'ஈ'ன்னு சொல்லுங்க ஆன்ட்டி" என்றார். மிஸ் சொன்னார். கயிறுகள் எழுந்தன.

"இது தசை. வயசானா எல்லாருக்கும் தெரியும். லூசான தோலுக்கு மெஷின்ல சூடு குடுக்கலாம், கத்தியே வேண்டாம். ஆனா இந்தக் கயிறு அடங்கணும்னா ஊசிதான். சில மாசம் தாங்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "எப்பவாவது யாருக்காவது மருந்து பக்கத்துல பரவிடும். சில வாரம் முழுங்கக் கஷ்டமா இருக்கும், குரல் கம்மிப் போகும். நீங்க பாடுவீங்களா?"

"இல்ல" என்றார் மிஸ். "பாத்ரூம்ல கூட இல்ல."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் சுவரைப் பார்த்தார். சொல்லிவிடலாமா? கழுத்து அவருடையது, குரலும் அவருடையது... நடுவில் நான் யார்? வாய் வரை வந்ததை விழுங்கினேன்.

ஊசியே போடச் சொல்லிவிட்டார் மிஸ். டாக்டர் கையுறை மாட்டும்போது, தட்டில் ஊசியோடு நர்ஸ் உள்ளே வந்தார். பெயர் ஷீலா, சிவாஜிநகர்க்காரர் என்று பிறகு தெரிந்தது. ஸ்கார்ஃபை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த மிஸ்ஸைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"ஆன்ட்டி, நீங்க காக்ஸ் டவுன் சர்ச்ல பாடுறவங்கதானே? எங்கம்மா அடக்கப் பூசைக்கு நீங்கதான் பாடுனீங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளை மாதிரி மிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

ஷீலாவுக்கு எதுவும் புரியவில்லை. அவர்பாட்டுக்குத் தொடர்ந்தார். "அம்மா போனதுல இருந்து எனக்கு அழுகையே வரல ஆன்ட்டி. கல்லு மாதிரி இருந்தேன். நீங்க பாட ஆரம்பிச்சப்பறம்தான் அழுதேன். அப்பறம்தான் சாப்பாடே இறங்குச்சு."

மிஸ் மெதுவாகக் கேட்டார்: "அன்னிக்கி என் கழுத்தைப் பாத்தியாம்மா?"

"கழுத்தா? நான் கண்ணே தொறக்கலையே ஆன்ட்டி."

மிஸ் ஸ்கார்ஃபை நான்காக மடித்து மடியில் வைத்தார். பிறகு மிஸ் டாக்டரிடம் திரும்பி, வகுப்பறைக் குரலில் சொன்னார்: "ஊசி வேணாம். அந்தச் சூடு சொன்னீங்களே, அதைப் பண்ணுங்க. அதுல குரலுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது. ஆனா கயிறு போகாது."

"இருந்துட்டுப் போகட்டும்."

அதை அன்றைக்கே செய்துகொண்டார். சூடான டம்ளரைக் கழுத்தில் உருட்டினாற்போல் இருந்ததாம். மாயமெல்லாம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தோல் கொஞ்சம் இறுகி, பளிச்சென்று ஆனதாக மிஸ் சொல்கிறார். உற்றுப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. தெரியாவிட்டாலும் தெரிகிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

போன ஞாயிறு, ஸ்கார்ஃப் இல்லாமல் முன்வரிசைக்கு வந்து பாடினார். கயிறுகள் எழுகின்றனவா என்று கவனிக்க வேண்டும் என்றே மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு மேலே ஏற ஏற, பார்க்க வந்ததை மறந்துவிட்டேன்.

நீங்களும் நாளையிலிருந்து கிரீமைத் தாடையோடு நிறுத்தாதீர்கள். தலை நிமிர்ந்து நிற்பதே கழுத்தை நம்பித்தானே?