சாட்சிக்கு வந்த நெல் மூட்டை

"...மில்லு படிக்கல்லையா நம்பச் சொல்றீங்க, அண்ணே? அது மிராசுதார் மில்லு. என் வயல் நெல்லு ஒரு மூட்டையைத் தொங்கவிடுங்க. அதுல யாரு ஈயம் ஊத்த முடியும்?" என்றார் குத்தகைக்காரர்.

பாபநாசத்தில் எனக்குப் பட்டறை. குறுவை அறுத்ததும் சேற்று வயலில் பவர் டில்லர் பந்தயம் நடக்கும். பத்துக் குதிரைசக்திக்கு மேல் போனால் வண்டி தள்ளுபடி. எஞ்சின் சக்கரத்தில் கயிறு சுற்றி, இழுப்பை வில்தராசில் பார்த்துக் கணக்கிடுவோம். என்னிடம் ஒரு தராசு, திருக்காட்டுப்பள்ளியில் இன்னொன்று. ஒரே எஞ்சினுக்கு இரண்டும் இரண்டு விதமாகச் சொல்லும். போன வருஷம் அந்தத் தகராறில் ஒரு வைக்கோற்போர் எரிந்தது. அதனால்தான் இரண்டையும் ஒரே எடையில் சரிசெய்ய ஒப்புக்கொண்டோம்.

குத்தகைக்காரருக்கு இது விளையாட்டில்லை. அவருடையது பதியாத குத்தகை. ஜெயித்தால் உழலாம், இல்லையென்றால் வயலைவிட்டு இறங்க வேண்டும் என்று மிராசுதார் ஊர்க்கூட்டத்தில் சொல்லியிருந்தார்.

ஈர நெல்லை மூட்டையாகத் தைத்தோம். என் தராசில் முள் நின்ற எண்ணே அதன் எடை. அங்கேயும் அதே எண்ணில் முள்ளை நிறுத்த வேண்டும் என்று பேச்சு. மிராசுதார் வண்டி என்னிடமே சோதனையாகித் தேறியது. சீட்டுக் குலுக்கியதில் குத்தகைக்காரருக்குத் திருக்காட்டுப்பள்ளி விழுந்தது.

இடையில் ஒரு வாரம் மூட்டை குத்தகைக்காரரிடம் இருந்தது. முளைத்துவிடுமே என்று அவர் மூட்டையை நாள்தோறும் வெயிலில் போட்டுப் புரட்டியிருக்கிறார். விவசாயி கை சும்மா இருக்குமா?

அங்கே தராசை அந்த மூட்டையால் சரிசெய்து, வண்டியைக் கிளப்பினோம். முள் காட்டிய இழுப்பைக் கணக்கிட்டால் பத்தைத் தாண்டிப் பதினொரு குதிரைசக்தி வந்தது. வாசலில் தடியோடு நின்ற மிராசுதார் ஆட்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"உன் நெல்லே சொல்லிருச்சே, தம்பி" என்று சிரித்தார் மிராசுதாரின் காரியஸ்தர்.

குத்தகைக்காரர் மூட்டைக்குள் விரலை விட்டு ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். படக்கென்று உடைந்தது.

"காஞ்சு எடை கொறைஞ்சிருச்சு, அண்ணே. கொறைஞ்ச மூட்டைக்குப் பழைய எண்ணையே வச்சதால தராசு கூட்டிக் காட்டுது."

"மூட்டையை என் தராசுல இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்போமே" என்றேன்.

"ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட மூட்டைங்க. பேச்சு பேச்சுதான்" என்றார் காரியஸ்தர்.

குத்தகைக்காரர் அரிவாளை இடுப்பில் செருகினார். தள்ளுபடியான வண்டியை நேரே தன் வயலுக்கு ஓட்டிப்போய், தடிக்காரர்கள் வரப்பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, சேற்றில் இறக்கி உழ ஆரம்பித்தார்.